அட்டவணை இரண்டில் தொலைந்த ‘மியூ’: மருத்துவ இதழ்த் தயாரிப்பில் இருப்பவர்கள் சொல்லுங்கள்

கோத்தகிரி மலர் | செவ்வாய், இரவு 9.12

அனைவருக்கும் வணக்கம். பதினோரு ஆண்டுகளாக மருத்துவ, அறிவியல் இதழ்களுக்குக் கட்டுரைகளைத் தயாரிக்கும் வேலையில் இருக்கிறேன். நிறுவனம் சென்னையில் இருக்கிறது. 2020ஆம் ஆண்டிலிருந்து நான் கோத்தகிரியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். மருத்துவர்கள் அனுப்பும் வேர்ட் கோப்பை வாங்கி, மொழியைச் செப்பம் செய்து, கணினி படிக்கும் எக்ஸ்எம்எல் கோப்பாக மாற்றி, மெய்ப்பு (வெளியிடும் முன் சரிபார்க்கும் படி) எடுத்துக் கட்டுரையாளருக்கு அனுப்புவது வரை என் பொறுப்பு.

சென்ற வாரம் வந்தது, பிறவியிலேயே தைராய்டு சுரப்புக் குறைந்த குழந்தைகளைப் பற்றிய கட்டுரை. அந்தக் குழந்தைகளுக்கு லெவோதைராக்சின் தருவார்கள். பச்சிளங்குழந்தைக்கு எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம். கட்டுரையின் உரைப்பகுதியில் அப்படித்தான் இருந்தது. மெய்ப்பின் அட்டவணை இரண்டில் மட்டும் அதே மருந்து 10 முதல் 15 மில்லிகிராம் என்று நின்றது. ஆயிரம் மடங்கு!

கட்டுரையாளர் தவறு செய்யவில்லை. அவருடைய கோப்பைத் திறந்து பார்த்தேன், அங்கே மைக்ரோவைக் குறிக்கும் ‘மியூ’ (µ) என்ற கிரேக்க எழுத்து இருக்கிறது. பழைய வேர்ட் கோப்புகளில் ‘சிம்பல்’ என்றோர் எழுத்துரு உண்டு. அதைத் தேர்ந்தெடுத்து ஆங்கில எம் விசையைத் தட்டினால் திரையில் மியூ தெரியும். ஆனால் கோப்புக்குள் கிடப்பது எம் தான். மியூ என்பது அதற்குப் போர்த்திய சட்டை. எக்ஸ்எம்எல் ஆக்கிய மென்பொருள் அந்தச் சட்டையைக் கழற்றிவிட்டது. எம்முக்குப் பக்கத்தில் ஜி. மில்லிகிராம் பிறந்துவிட்டது. எழுத்துப் பிழை பார்க்கும் மென்பொருள் இதைக் காட்டிக்கொடுக்காது, ஏனென்றால் எழுத்தில் பிழையே இல்லை.

என் கண்ணில் பட்டதற்குக் காரணம் என் திறமை அன்று. அக்கா மகள் இந்த மாத்திரையைத்தான் தினமும் விடிந்ததும் வெறும் வயிற்றில் போட்டுக்கொள்கிறாள். அட்டையில் 25 மைக்ரோகிராம் என்று போட்டிருப்பது எனக்கு மனப்பாடம். அந்த வீட்டில் பிறக்காத ஒருவர் அன்று என் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வாரமாகிவிட்டது, இன்னும் போகவில்லை.

மேலாளரிடம் சொன்னேன். “தெரிந்த பிழைதானே, நீங்களே மாற்றிவிட்டு அனுப்பிவிடுங்கள். கேள்வி எழுப்பினால் இரண்டு நாள் போய்விடும்” என்றார். நான் மாற்றவில்லை. கட்டுரையாளருக்குக் கேள்வி எழுதி, மெய்ப்பை நிறுத்திவைத்தேன். மேலாளர் இப்போது வருத்தத்தில் இருக்கிறார். உங்கள் இடங்களில் இதை எப்படிக் கையாள்கிறீர்கள்?

---

ஊட்டி மருந்தியல் மாணவி | செவ்வாய், இரவு 10.03

மலர் அக்கா, படிக்கும்போதே பயமாக இருந்தது. எங்கள் வகுப்பில் முதல் ஆண்டிலேயே சொல்லிக்கொடுத்துவிடுகிறார்கள், மருந்துச் சீட்டில் மியூ எழுதாதே, ‘எம்சிஜி’ என்று எழுது என்று. பாதுகாப்பான மருந்துப் பயன்பாட்டுக்காக அமெரிக்காவில் இயங்கும் ஐஎஸ்எம்பி அமைப்பின் பிழை தரும் குறியீடுகள் பட்டியலில் மியூ இருக்கிறது. அரை மில்லிகிராமை எழுதும்போது புள்ளிக்கு முன்னால் சுழியம் போடவேண்டும், ஒரு மில்லிகிராமுக்குப் பின்னால் புள்ளியும் சுழியமும் போடக்கூடாது என்பதும் அதே பட்டியலில்தான். புள்ளி மங்கினால் ஒன்று பத்தாகிவிடும்.

எனக்கு ஒன்று புரியவில்லை. எக்ஸ்எம்எல் எதற்கு? வேர்ட் கோப்பிலிருந்து நேராகப் பிடிஎஃப் எடுத்தால் இந்தச் சட்டை கழலும் சிக்கலே வராதே?

---

கோத்தகிரி மலர் | செவ்வாய், இரவு 10.41

நல்ல கேள்வி தங்கச்சி. பிடிஎஃப் என்பது பக்கத்தின் படம் போன்றது. எது தலைப்பு, எது கட்டுரையாளர் பெயர், எது அட்டவணையின் மூன்றாவது கட்டம் என்று கணினிக்கு அதில் சரியாகத் தெரியாது. எக்ஸ்எம்எல்லில் ஒவ்வொன்றுக்கும் பெயர் ஒட்டிவைக்கிறோம். அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகம் 2003இல் இதற்கென ஒரு குறியீட்டுத் தொகுதியை வெளியிட்டது. அதுவே 2012இல் ஜாட்ஸ் என்ற பெயரில் தரமாயிற்று. உலகின் மருத்துவ இதழ்களில் பெரும்பகுதி இன்று அந்த அச்சில்தான் வார்க்கப்படுகிறது.

அதை எங்கள் அலுவலகத்தில் தாய்க் கோப்பு என்போம். இணையப் பக்கம், பிடிஎஃப், 2000இல் தொடங்கிய பப்மெட் சென்ட்ரல் களஞ்சியத்துக்குப் போகும் படி, கைப்பேசியில் படிக்கும் வடிவம், எல்லாம் அந்த ஒரு வயிற்றிலிருந்துதான் பிறக்கின்றன. அதனால்தான் எனக்கு இவ்வளவு பதற்றம். அந்தக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒரு பக்கத்தில் எழுத்தைத் தவறவிட்டால் அந்தப் பக்கத்தோடு போயிற்று. இன்று தாய்க் கோப்பில் புகுந்த பிழை அத்தனை குழந்தைகளுக்கும் போய்ச்சேரும்.

வெளியான பிறகு திருத்தம் போடலாம். திருத்தக் குறிப்புக்கும் டிஓஐ என்ற தனி நிரந்தர அடையாள எண் உண்டு. அந்த எண்களைப் பதிவுசெய்யும் கிராஸ்ரெஃப் அமைப்பு மூலக் கட்டுரையோடு அதை இணைத்துவைக்கும். ஆனால் நேற்றே பிடிஎஃப்பை இறக்கித் தன் கைப்பேசியில் வைத்துக்கொண்ட மருத்துவரை அந்தக் குறிப்பு எப்படித் தேடிப்போகும்?

---

குன்னூர்ப் பையன் | செவ்வாய், இரவு 11.20

வளர்ந்தது குன்னூர், இப்போது கோவையில் மென்பொருள் வேலை. இரண்டு ஆண்டுகள் ஒரு பதிப்பு நிறுவனத்துக்குச் சரிபார்ப்பு நிரல்கள் எழுதியிருக்கிறேன்.

அக்கா, இது மனிதர் கண்ணை நம்பவேண்டிய இடமே அன்று. எக்ஸ்எம்எல் கோப்பைச் சரிபார்க்கும் ஸ்கிமாட்ரான் விதி ஒன்று எழுதினால் போதும். உரையில் ஒரு மருந்துக்கு ஓர் அலகும் அட்டவணையில் அதே மருந்துக்கு வேறோர் அலகும் வந்தால் சிவப்பு விளக்கு எரியும். சிம்பல் எழுத்துருவில் எந்த எழுத்து வந்தாலும் மாற்றுவதற்கு முன்பே நிறுத்திவிடலாம்.

ஆனால் மியூவை விரட்டுவது நினைப்பதை விடக் கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஒவ்வோர் எழுத்துக்கும் தனி எண் தரும் யூனிகோடில் மியூ இரண்டு இடங்களில் இருக்கிறது. ஒன்று அளவைக் குறியீடாக, மற்றொன்று கிரேக்க எழுத்தாக. பார்வைக்கு இரட்டைப் பிள்ளைகள். ஒன்றைத் தேடினால் மற்றொன்று அகப்படாமல் போகலாம். இதைவிட மோசமானது, தலைப்பை முழுவதும் பெரிய எழுத்தாகக் காட்டும் இணையப் பக்க அலங்காரம். மியூவின் பெரிய எழுத்து வடிவம் பார்வைக்கு ஆங்கிலப் பெரிய எம் தான். கோப்பு சுத்தமாக இருக்கும். திரையில் மட்டும் மைக்ரோகிராம் மில்லிகிராமாக நிற்கும். நான் இதை ஒரு மருந்துப் பட்டியலின் தலைப்பில் நேரில் பார்த்தேன். கோப்பில் பிழை தேடிப் பாதி நாள் போயிற்று.

உங்கள் மேலாளர் சொன்னதில் எனக்கு உடன்பாடு உண்டு. அட்டவணையில் மில்லிகிராம் வரும் இடத்தையெல்லாம் ஒரே கட்டளையில் மைக்ரோகிராம் ஆக்கிவிட்டால் வேலை முடிந்தது. இவ்வளவு வெளிப்படையான பிழைக்குக் கட்டுரையாளரை ஏன் தொந்தரவு செய்யவேண்டும்?

---

கோத்தகிரி மலர் | புதன், காலை 6.15

தம்பி, அந்த அட்டவணையின் ஏழாவது வரிசையைச் சொல்ல மறந்துவிட்டேன். இரும்புச்சத்து மருந்து, கிலோவுக்கு 2 மில்லிகிராம். அது உண்மையாகவே மில்லிகிராம். லெவோதைராக்சினோடு சேர்த்துக் கொடுத்தால் உடல் அந்தத் தைராய்டு மருந்தை ஈர்ப்பதை இரும்பு குறைத்துவிடும், அதனால் இரண்டுக்கும் இடைவெளி விடவேண்டும் என்பதற்காகத்தான் கட்டுரையாளர் அந்த வரிசையையே வைத்திருந்தார். நீங்கள் சொன்ன ஒரே கட்டளையை நான் ஓட்டியிருந்தால் இரும்பு ஆயிரத்தில் ஒரு பங்காகியிருக்கும். ஒரு பிழையைத் திருத்தி இன்னொன்றை நானே நட்டிருப்பேன். அதில் என் கையெழுத்துக்கூட இருந்திருக்காது.

நிரல் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. விளக்கு எரியட்டும், எரியவேண்டும். எரிந்த பிறகு கை யாருடையது என்பதுதான் என் கேள்வி. மருந்தளவு, அலகு, புள்ளி, குறி, இந்த நான்கில் ஒன்றைக்கூடக் கட்டுரையாளரைக் கேட்காமல் மாற்றக்கூடாது. எவ்வளவு தெரிந்ததாக இருந்தாலும் கூடாது. ஆய்வு செய்தவர் அவர், குழந்தையைப் பார்த்தவர் அவர். நான் திரையைப் பார்த்தவள்.

(இரவெல்லாம் மழை. கட்டபெட்டு பக்கம் மரம் விழுந்து இணையம் இப்போதுதான் வந்தது.)

---

லாம்ஸ் பாறை | புதன், காலை 8.30

குன்னூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் பணியாற்றி ஓய்வு பெற்றவன். வயது எழுபத்து மூன்று. அம்மா மலர், நீங்கள் செய்தது முற்றிலும் சரி.

எங்கள் காலத்து மியூ வேறு. மேலெழுத்து. பத்தின் மேல் ஆறு என்பது பத்து இலட்சம். மேலே ஏறிய ஆறு கீழே இறங்கிவிட்டால் நூற்றாறு. ஓர் அறிக்கையில் வைரஸ் அளவு இப்படித்தான் நூற்றாறாக அச்சாகி வந்தது. எந்த அச்சகம் என்று சொல்லமாட்டேன், அவர்களும் வருந்தினார்கள். அறுநூறு படிகளில் நானும் என் உதவியாளரும் பேனாவால் திருத்தினோம். தடுப்பூசியின் வீரியத்தைச் சொல்லும் ‘ஐயூ’ (சர்வதேச அலகு) என்ற அலகும் இப்படித்தான். வெறிநாய்க்கடித் தடுப்பூசி தசையில் போடும் ஒரு தவணைக்குக் குறைந்தது 2.5 ஐயூ இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் விதி. கையெழுத்தில் அந்த ஐயூவைப் பத்து என்று படித்தவர்கள் உண்டு.

அப்போதெல்லாம் மெய்ப்பை இரண்டு பேர் பார்ப்போம். ஒருவர் உரக்கப் படிக்கவேண்டும், மற்றவர் கையெழுத்துப் படியில் விரல் வைத்துக்கொண்டு வரவேண்டும். “பத்தின் மேல் ஆறு” என்று வாய்விட்டுச் சொல்லியாகவேண்டும். “நூற்றாறு” என்று வாய் சொன்ன கணமே காது விழித்துக்கொள்ளும். கண் பழக்கத்தில் தாவிவிடும், காது தாவாது. உங்கள் நிறுவனத்தில் அட்டவணைகளை மட்டுமாவது யாராவது வாய்விட்டுப் படிக்கிறார்களா?

இன்னொன்று. நீங்கள் எழுதியது தைராய்டு என்பதால் சொல்லத் தோன்றுகிறது. வடக்கே கில்கித் மலைப்பகுதியில் கழலை நோயை (தைராய்டு வீக்கம்) ஆராய்ந்த மருத்துவர் மக்காரிசன் பிறகு பணியாற்றியது குன்னூரில்தான். 1907இல் தொடங்கிய பாஸ்டர் நிறுவனத்தின் ஓர் அறையில் 1918இல் அவர் ஆரம்பித்த பெரிபெரி என்ற வைட்டமின் குறைபாட்டு நோய் ஆய்வுதான் வளர்ந்து, 1958இல் ஐதராபாத்துக்கு இடம்மாறி, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக இருக்கிறது. எண்ணை எடைபோட்டு எழுதியவர்கள் நடந்த ஊர் இது. உங்கள் கவலை இந்த மண்ணுக்குப் புதிதில்லை.

---

கொடை வானம் | புதன், பகல் 1.05

நான் பழனி மலைக்காரன், உங்கள் மலைக்கு அண்டை மலை. இங்கே சூரிய ஆய்வகம் 1899இல் வந்தது. 1909இல் வானியலாளர் எவர்ஷெட் சூரியப் புள்ளிகளில் வாயு ஆரத்திசையில், அதாவது மையத்திலிருந்து வெளிநோக்கி, ஓடுவதைக் கண்டுபிடித்து, ஆய்வகத்தின் புல்லட்டினில் எழுதினார். அப்படிப்பட்ட பழைய பக்கங்களை வருடி எடுத்து எழுத்துணரி வழியாகத் தட்டச்சு வடிவமாக்கும் வேலையில் ஒரு மாணவருக்கு உதவினேன். எங்களுக்குத் தொலைந்தது கழித்தல் குறி. மென்பொருள் அதைத் தாளில் விழுந்த தூசி என்று துடைத்துவிடுகிறது. குறி போனால் நம்மை நோக்கி வரும் வாயு நம்மை விட்டு விலகும் வாயுவாகிவிடும். எவர்ஷெட் கண்டதே அந்தத் திசையைத்தானே!

வானியல், இயற்பியல் பக்கத்தில் கட்டளைகளால் எழுதும் லேடெக் கோப்பாகவே அனுப்புகிறோம். அதில் மியூவை மியூ என்றே எழுத்தால் எழுதவேண்டும் என்பதால் சட்டை கழலும் ஆபத்து குறைவு. ஆனால் கட்டுரையாளர்கள் தங்களுக்கென்று சுருக்கக் கட்டளைகளை வைத்துக்கொள்வார்கள். பதிப்பு நிறுவனம் அதை எக்ஸ்எம்எல் ஆக்கும்போது அந்தச் சுருக்கம் விரியாமல் போனால் அங்கே வெற்றிடம்தான். வெற்றிடமாவது கண்ணுக்குத் தெரியும். மலர் சொல்லும் எம் தெரியாது. அதனால் உங்கள் பிழையே கொடியது.

---

குன்னூர்ப் பையன் | புதன், மாலை 5.48

ஏழாவது வரிசை என் வாயை அடைத்துவிட்டது. ஒப்புக்கொள்கிறேன் அக்கா.

கேட்காமல் மாற்றும் மென்பொருள் எவ்வளவு தூரம் கெடுக்கும் என்பதற்கு என் பக்கத்திலிருந்தும் ஒரு சான்று. மரபணுப் பெயர்களில் செப்டின் குடும்பத்தைச் சுருக்கிச் ‘செப்ட் 2’ என்று எழுதுவார்கள். எக்செல்லில் அதைத் தட்டினால் அது செப்டம்பர் 2 என்ற தேதியாகிவிடும். யாரையும் கேட்காது. மரபணுப் பட்டியல்களை எக்செல் இணைப்பாகத் தந்த கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இந்தப் பிழை இருந்ததை 2016இல் ஓர் ஆய்வு காட்டியது. கடைசியில் 2020இல் பெயர் சூட்டும் குழு மரபணுவின் பெயரையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்த முடியாமல் உயிரியலைத் திருத்தினார்கள். எனக்கு இது இன்றும் ஆற்றாமையாக இருக்கிறது.

இப்போது மொழியைச் செப்பம் செய்யச் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் வந்திருக்கின்றன. அவை வாக்கியத்தை அழகாக்கும்போது எண்ணையும் தொட்டுவிடும் ஆபத்து உண்டு. நான் எழுதும் நிரலில் இனி ஒரு விதி சேர்க்கப்போகிறேன். எண்ணும் அலகும் உள்ள இடம் பூட்டப்பட்டிருக்கும். கருவி சந்தேகத்தைச் சொல்லலாம், பூட்டைத் திறக்க முடியாது.

---

அச்சுக்கூடம் 82 | புதன், இரவு 7.30

எல்லோரும் அறம் பேசுகிறீர்கள். எங்களுக்குக் கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்று. ஒரு கட்டுரையை நிறுத்தினால் அன்றைய கணக்கில் அது விழாது. மாதக் கடைசியில் வீட்டில் பதில் சொல்லவேண்டியது நான். மலர் போன்ற மூத்தவர்கள் நிறுத்தலாம். சேர்ந்து ஆறு மாதமான பிள்ளை நிறுத்தினால் மறுநாள் வேலை இருக்குமா?

---

கோத்தகிரி மலர் | புதன், இரவு 8.55

நீங்கள் சொல்வது உண்மை, அதை மறுத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை. நானும் சேர்ந்த புதிதில் வாய் திறக்காமல் இருந்தவள்தான்.

அதனால்தான் தனி ஆளின் துணிச்சலாக இதை விடக்கூடாது என்கிறேன். மருந்தளவில் சந்தேகம் என்று குறித்து நிறுத்திய கட்டுரைக்கு நிறுத்திய நேரமும் கூலிக் கணக்கில் சேரவேண்டும். இதை எங்கள் நிறுவனத்துக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை. குறியிடும் வேலையை எழுத்தர் வேலை என்று நினைப்பதால்தான் பக்கக் கணக்கில் கூலி தருகிறார்கள். மருந்துக்கடையில் மருந்தாளுநர் சீட்டைப் பார்த்துத் தயங்கினால் அதைத் தாமதம் என்று யாராவது சொல்வார்களா? நாங்களும் அதே மருந்து நோயாளியிடம் போகும் வழியில்தான் நிற்கிறோம்.

---

கூடலூர்ச் செவிலி | வியாழன், காலை 10.10

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் இதழ்கள் எங்கோ தொலைவில் இருப்பவை என்று நினைத்தேன். நேற்று எங்கள் அலமாரியைத் திறந்து பார்த்தேன்.

எங்கள் பக்கத்துப் பழங்குடி மக்களிடம் கதிர் அரிவாள் இரத்தசோகை உண்டு. இந்தியாவில் முதன்முதலாக 1952இல் அதைக் கண்டறிந்து எழுதியதே நீலகிரி மலைவாழ் மக்களிடம்தான் என்று பயிற்சியில் சொன்னார்கள். அவர்களுக்கு ஃபோலிக் அமில மாத்திரை தருகிறோம், 5 மில்லிகிராம். மாத்திரை விவரத்தோடு தமிழில் ஒரு கைத்தாள் இருக்கிறது. வெளியூரில் தட்டச்சு செய்து வந்தது. அதில் 5க்குப் பக்கத்தில் ‘அப’ என்று அச்சாகியிருக்கிறது. பல மாதமாக அது என்ன சொல் என்றே எங்களுக்குப் புரியவில்லை. யாரோ எம்ஜி என்று மேலே பேனாவால் எழுதிவைத்திருக்கிறார்கள்.

---

குன்னூர்ப் பையன் | வியாழன், காலை 10.32

அக்கா, அது பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு! பாமினியில் எம் விசையில் அ இருக்கும், ஜி விசையில் ப இருக்கும். எழுத்துருவை மாற்றாமல் எம்ஜி என்று தட்டியிருக்கிறார்கள். மலர் அக்காவுக்குச் சட்டை கழன்றது, உங்களுக்குச் சட்டை கழலாமல் ஒட்டிக்கொண்டது. கோப்பு இருந்தால் அனுப்புங்கள், யூனிகோடுக்கு மாற்றித் தருகிறேன். காசு வேண்டாம்.

---

லாம்ஸ் பாறை | வியாழன், காலை 11.15

கைத்தாளில் எம்ஜி எதற்கு? ஒன்று, அரை, ஒன்றரை என்று மாத்திரைக் கணக்கை எழுத்தால் எழுதுங்கள். கால், அரை, முக்கால் என்று தனித்தனிச் சொல் வைத்திருக்கும் மொழி நம்முடையது. ஒன்றும் அதன் பக்கத்தில் பின்னமும் போட்டால் ஏதோ ஒரு கணினியில் அது பதினொன்று கீழ் இரண்டாக நிற்கும். ‘ஒன்றரை’ எந்தக் கணினியிலும் ஒன்றரைதான்.

---

கோத்தகிரி மலர் | வியாழன், மாலை 4.20

கட்டுரையாளர் பதில் எழுதிவிட்டார். அட்டவணை இரண்டில் ஐந்து கட்டங்கள் மைக்ரோகிராம், இரும்பு மட்டும் மில்லிகிராம் என்று உறுதி செய்திருக்கிறார். நான் கேட்டிராத ஒன்றையும் சொன்னார். கட்டுரையோடு இணைத்த துணைக் கோப்பிலும் அதே அட்டவணை இருக்கிறதாம், அதையும் பாருங்கள் என்றார். பார்த்தேன், அங்கும் எம் தான். துணைக் கோப்புகளை நாங்கள் திறப்பதே இல்லை, வந்தபடியே ஏற்றிவிடுவோம். கேள்வி எழுப்பாமல் நானே மாற்றியிருந்தால் அது அப்படியே வெளியாகியிருக்கும்.

செவிலி அக்கா, புதிய கைத்தாளின் மெய்ப்பை நான் பார்த்துத் தருகிறேன்.

---

கூடலூர்ச் செவிலி | வியாழன், இரவு 9.02

கோப்பைத் தம்பிக்கு அனுப்பிவிட்டேன். மலர், ஞாயிற்றுக்கிழமை முடிந்தால் கூடலூர் வாருங்கள். லாம்ஸ் பாறை ஐயாவுக்குப் பயணம் சிரமமில்லை என்றால் அவரும் வரட்டும். எங்கள் சுகாதாரப் பணியாளர்களில் பணியர் பழங்குடிப் பெண் ஒருவர் இருக்கிறார். நீங்கள் உரக்கப் படியுங்கள், அவர் தன் மொழியில் திருப்பிச் சொல்வார். எங்கே தடுமாறுகிறாரோ அந்த இடத்தை அங்கேயே மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

---

லாம்ஸ் பாறை | வியாழன், இரவு 9.20

காலை முதல் பஸ்ஸிலேயே வந்துவிடுகிறேன். அட்டவணையை நான் படிக்கிறேன்.